அண்டாவை அடுப்பில் ஏற்றுங்கள்: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவைச் செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

தோத்திரம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து நடந்த கூட்டத்தில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய வெள்ளிக் கஞ்சி இந்த வருஷமாவது உண்டா என்று ஒருவர் கேட்டார். மேடையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "புனித வாரம்னா என்ன பிக்னிக்கா?" சிலர் சிரித்தார்கள். அதோடு அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். நுழைவாயில் வளைவுக்கு என்ன கலர் பெயின்ட் என்பது அடுத்த பொருள்.

அன்றைக்கு எழுந்து பேச எனக்கு வாய் வரவில்லை. ஆரப்பாளையம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஏப்ரல் 3, பெரிய வெள்ளி அன்று, கஞ்சி அண்டாவைத் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்.

பிக்னிக் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களில் பாதிப் பேர் என்னோடு பீடப் பையன்களாக இருந்தவர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் சாயங்காலம் தென்னங்குருத்து வந்து இறங்கும். சிலுவை முடையச் சொல்லிக் கொடுத்தால் நாம் கிளியும் பாம்பும் வாட்சும் முடைவோம். உபதேசியார் பிரம்பைக் காட்டுவார், அடிக்க மாட்டார். வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகிய ஓலை வருஷம் முழுக்கக் காயும். அடுத்த தவக்காலம் வரும்போது அதையெல்லாம் வீடு வீடாகச் சேர்த்து எரிப்போம். அந்தச் சாம்பல்தான் நம் நெற்றிக்கு வரும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணிகள் அத்தனையும் அடித்து ஓயும். அப்புறம் சனிக்கிழமை இரவு வரை மணி கிடையாது, மரக்கட்டைதான். அந்தக் கட்டையைத் தட்டுவது யார் என்பதில் நானும் இன்றைய பொருளாளரும் சட்டையைப் பிடித்துக்கொண்டது அவருக்கு நினைவிருக்கும். பட்டன் போனது என் சட்டையில். துக்க வாரம் என்றுதான் சொன்னோம். ஆனால் வருஷம் முழுக்க அந்த வாரத்துக்காகத்தானே காத்துக் கிடந்தோம்?

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வியாழன் ராத்திரி. உயிர்த்த ஞாயிறு நிலாக் கணக்கில் வருவது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிறை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பெரிய வியாழனும் எப்போதும் நிலாவை ஒட்டியே வரும். இந்த வருஷம் ஏப்ரல் 2, பங்குனிப் பௌர்ணமிக்குப் பக்கத்திலேயே. கோவிலுக்குள் அன்பியம் அன்பியமாக, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு வாரியாக, ஒவ்வொரு மணி நேர ஆராதனை நடக்கும். முறை முடிந்தவர்களும் இன்னும் முறை வராதவர்களும் வெளியே வராந்தாவில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுநாள் கஞ்சிக்குப் பூண்டு உரிப்பார்கள். பேச்செல்லாம் குசுகுசுவென்றுதான். யார் வீட்டுச் சம்பந்தம் தகைந்தது, மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போனது, யார் மகன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் போனான். "ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியவில்லையா?" என்று சீடர்களைப் பார்த்து ஆண்டவர் கேட்டாரே, அதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்த வழி இது. பூண்டு உரிக்கிறவளுக்குத் தூக்கம் வராது. முறை வந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முழங்காலிடுவார்கள். கூப்பிய கையெல்லாம் பூண்டு வாசம் அடிக்கும். என் அம்மாவின் கையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசம்தான்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் வேப்பமரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைப்பார்கள். அரிசி, பாசிப்பயறு, வெந்தயம், பூண்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளத் துவையல். மத்தியானம் மூன்று மணி வழிபாடு முடிந்து, சிலுவையை முத்தமிட்டுவிட்டு, அப்படியே வந்து வரிசையில் நிற்போம். ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு, இருந்த வயிற்றுக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு. வரிசையில் வேதக்காரர்கள் மட்டுமா நின்றார்கள்? அய்யனார் கோவில் பூசாரி தூக்குவாளியோடு வருவார். ஆடி மாதம் அவர்கள் ஊற்றுகிற கூழுக்கு நாம் சொம்போடு போவதில்லையா, அந்தக் கணக்கு.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மனத்தாங்கல் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் அன்பியத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எழுபத்து மூன்று வயது, சர்க்கரை உண்டு, தனிக் குடித்தனம். திருச்சபைச் சட்டப்படி 59 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒருசந்தி கடமை கிடையாது. சொன்னால் கேட்க மாட்டார். தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அள்ளித் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். பிடியரிசி. ஒரு பிடிக்கு ஐம்பது கிராம் என்று வைத்தாலும் நாற்பது நாளில் இரண்டு கிலோ ஆகிவிடும். இப்படி முப்பது வீடு வைத்தாலே அறுபது கிலோ. கஞ்சிக்குப் போக மிஞ்சியதை இல்லாத வீடுகளுக்கு அளந்து கொடுத்தோம்.

போன வருஷம் பெரிய வியாழன் சாயங்காலம் அந்தப் பெரியம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து கோவிலுக்கு வந்தார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தம்பி, "இந்த வருசம் அரிசி வாங்கலம்மா, ஜிபேல போட்டு விட்ருங்க" என்று சொல்லி, அட்டையில் ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டியிருக்கிறார். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, டப்பாவோடு திரும்பி நடந்தார். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் சொன்னது நீங்கள் எழுதிக் கொடுத்ததை.

மறுநாள் வழிபாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தீர்கள். சர்க்கரைக்காரர் ஜூஸை என்ன செய்வார்? பேரனுக்கு என்று பையில் போட்டுக்கொண்டார். வெறும் வயிற்றோடு மறுபடியும் மூன்று கிலோமீட்டர். வெயிலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீங்களும் இதே ஊர்தான்.

இதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆடி மாதம் ஒரு வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் அதே பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்து காட்டினார், அரிசியில் வண்டு விழுந்திருந்தது. ஏன் ஆக்கிச் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "சாமிக்குன்னு அள்ளி வச்சதை எப்படிய்யா நம்ம உலையில போடுறது? கோழிக்குப் போடவும் மனசு வரல" என்றார். ரேஷன் அரிசியில் காலம் தள்ளுகிறவர். அவர் வீட்டில் இரண்டு கிலோ அரிசி யாருக்கும் ஆகாமல் போனது, நம்மால்.

நீங்கள் சொன்ன காரணங்கள் எனக்குத் தெரியும். மண்டபத்தில் புது டைல்ஸ், கரி படியும் என்றீர்கள். அடுப்பு எந்தக் காலத்திலும் மண்டபத்தில் எரிந்ததில்லை, மரத்தடியில்தான். சுகாதாரம் என்றீர்கள். மூன்று மணி நேரம் கொதித்த கஞ்சியைவிடச் சுத்தமானது எது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆள் இல்லை என்றீர்கள். யாரிடம் கேட்டீர்கள்?

செலவு என்றும் சொன்னீர்கள். நான் மதுரையில் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவன், அதனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வரவு செலவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 600 ஜூஸ், 10 ரூபாய் வீதம் 6,000. 600 பிஸ்கட், 5 ரூபாய் வீதம் 3,000. ஆக 9,000 ரூபாய், வண்டி வாடகை தனி, மறுநாள் குப்பை அள்ளிய கூலி தனி. கஞ்சிக்கு விறகும் பயறும் தேங்காயும்தான் வாங்கினோம். அரிசி இனாம். பூண்டு உரித்த கூலி, ஒரு டம்ளர் கடுங்காப்பி.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதுதான் ராபர்ட் தெ நொபிலி சுவாமி, காவி கட்டி, இந்த ஊர்ச் சோற்றையும் காய்கறியையும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வேதம் சொன்னார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடித்தார் என்று இதுவரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேச்சு வந்துவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன். நம் கோவிலில் இப்போது 'உபயம்' எழுதாத பொருள் உண்டா? டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை உபயதாரரின் பெயரே மறைக்கிறது. ஃபேன் சுற்றினால் பெயர் தெரியாது என்று ஃபேனுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதியிருக்கிறோம். சிலுவைப்பாதைக்கு டிரோன் வந்தது. ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழுந்த ஸ்தலத்தில் எல்லோரும் மேலே பார்த்துக் கையசைத்தோம். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2016-இலேயே சொல்லிவிட்டார். நம் பங்கில் இன்றைக்கும் பன்னிரண்டு கால்களும் பேரவைக் கால்கள்தான், அதுவும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிற கால்கள்.

மன்னிக்கவும். விண்ணப்பம் எழுத உட்கார்ந்தவன் எங்கேயோ போய்விட்டேன். வயது ஆகிறது, கோபம் முந்திக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். இந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் நம் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. கடைத்தெருப் பள்ளிவாசலில் தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள். கடைப் பையன் ஒரு நாள் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தான். ஒரு மாதம் முழுக்க அவர்களால் முடிகிறது. நாம் கேட்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் அண்டாவை அடுப்பில் ஏற்றுங்கள்.

ஜிபே அட்டையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதில் போட முடிந்தவர்கள் போடட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு சாக்கையும் விரித்து வையுங்கள். வியாழன் ராத்திரி வராந்தா லைட்டை அணைத்துவிட்டால் போதும், நிலா இருக்கிறது, பூண்டு உரிக்க எங்கள் அன்பியம் வருகிறது. விறகுக்கும் தேங்காய்க்கும் ஆகிற செலவை நான்கு பேர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அடுப்பு மூட்ட நானே வருகிறேன். பொருளாளர் கட்டையைத் தட்ட வேண்டும் என்றால் தட்டட்டும், இந்த முறை நான் போட்டிக்கு வரவில்லை.

வரும் ஞாயிறு கூட்டத்தில், வளைவுக்குப் பெயின்ட் பேசுவதற்கு முன்னால், இதை ஐந்து நிமிடம் எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நேற்றுப் பெரியம்மா வீட்டுப் பக்கம் போயிருந்தேன். பழைய அரிசியைக் கிணற்றடி வேம்புக்குக் கீழே புதைத்துவிட்டாராம். டப்பாவைக் கழுவிக் காயவைத்து, இந்தத் தவக்காலத்துக்கு மறுபடியும் பிடி போட ஆரம்பித்துவிட்டார். பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. "இந்த வருசம் வாங்குவாகளாய்யா?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
மேலத்தெரு அன்பியம்

பி.கு.: ஸ்டோர் ரூமில் கவிழ்த்துக் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கு ஈயம் போய்விட்டது. சாவியைக் கொடுத்தால் மதுரைக்கு எடுத்துப்போய்ப் பூசிக்கொண்டு வருகிறேன். செலவு என்னுடையது. அண்டாவில் என் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.