கோடை அறிக்கையில் தீயைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும்

பெருநகரச் சென்னை மாநகராட்சி ஆணையர், நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தினர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் எல்லோருக்கும் வணக்கம்.

பிப்ரவரி கடைசியில் வானிலைத் துறை மார்ச் முதல் மே வரைக்கான கோடை முன்னோட்டத்தை வெளியிடும். வெயில் வழக்கத்தைவிடக் கூடுமா, வெப்ப அலை எத்தனை நாள் வரலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். மறுநாள் பேப்பரில் தர்பூசணிப் படத்தோடு செய்தி வரும். கட்சிக்காரர்கள் மோர்ப் பந்தல் போடுவார்கள். சரி, நல்லதுதான். ஆனால் இந்தக் கோடையில் சென்னையில் எது பற்றிக்கொள்ளக் காத்திருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் மகள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் இருக்கிறாள். சுற்றிலும் சொனோரன் பாலைவனம். அவள் ஊர் வானிலையைத் தினமும் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே ஐடஹோ மாநிலத்துப் பாய்ஸி நகரில் தேசியத் தீ மையம் ஒன்று இருக்கிறது. மாதாமாதம், அடுத்த நான்கு மாதங்களுக்கு எந்தப் பகுதியில் காட்டுத்தீ அபாயம் வழக்கத்தைவிடக் கூடும் என்று வரைபடம் போட்டு வெளியிடுகிறார்கள். அதில் வெயிலுக்குச் சமமாக இன்னொன்றையும் பார்க்கிறார்கள்: போன பருவத்தில் எவ்வளவு மழை பெய்தது, அதில் எவ்வளவு புல் முளைத்தது.

பாலைவனத்தில் செடிக்குச் செடி இடைவெளி விட்டுத்தான் வளரும். ஒன்று எரிந்தால் அடுத்ததற்குத் தீ தாவ வழியில்லை. மழை நன்றாகப் பெய்த வருடம் அந்த இடைவெளியெல்லாம் புல்லாகிவிடும். வசந்தம் முடிவதற்குள் புல் காய்ந்துவிட்டால் தீ ஓடப் பாதை தயார். 2022-23 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் மழை கொட்டியது. 2023 ஜூலையில் அங்குள்ள மொஹாவி பாலைவனத்தில் 90,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதற்கு முன் 2020-லும் அங்கே ஒரு தீ. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் அதில் போயின.

டூசான்காரர்கள் மல்லுக்கட்டுகிற புல் எது தெரியுமா? நம் கொழுக்கட்டைப்புல்தான். மானாவாரி நிலத்தில் ஆடு மாட்டுக்கு நல்ல தீவனம் என்று இங்கே விதைக்கிறோமே, அதேதான். அங்கேயும் தீவனத்துக்காகத்தான் கொண்டுபோனார்கள். இப்போது அது மலைச்சரிவெல்லாம் பரவி, தீயே பழகாத சாகுவாரோ கள்ளிகளைச் சுற்றிக் காய்ந்து நிற்கிறது. பதிலுக்கு அந்தக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது சீமைக்கருவேலம். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேர்த்துக் கொட்டுகிற கடலோர ஊருக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். மழைக் கணக்கைப் பாருங்கள். சென்னைக்கு வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அப்புறம் மே வரை அநேகமாக வானம் வாயைத் திறப்பதில்லை. முளைக்க மூன்று மாதம், காய ஐந்து மாதம்.

மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ஏதாவது ஒரு காலி மனையைப் போய்ப் பாருங்கள். கார்த்திகையில் முழங்கால் தண்ணீர், தவளைச் சத்தம். தை மாதம் கோரையும் சம்பும் ஆமணக்கும் ஆள் உயரத்துக்கு நிற்கும், பச்சையாக. மாசி முடிவதற்குள் எல்லாம் வைக்கோல் நிறம். அடியில் பால் கவர், தெர்மோகோல், இளநீர் மட்டை, யாரோ வீசிப்போன பழைய மெத்தை. காம்பவுண்டை ஒட்டி வரிசையாக பைக்குகள், மேலே கேபிள் ஒயர். குப்பையைக் கூட்டி ஓரமாகக் கொளுத்திவிட்டுப் போகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை ஒரு கோடையில் ஒழித்துவிட முடியாது; காய்ந்த புல்லையாவது வெட்டி அப்புறப்படுத்தலாம்.

அடுத்தது காற்று. கோடையில் இங்கே காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று. மதியம் நெருங்கும்போது கடல்காற்று உள்ளே வரும், வெயில் சற்று அடங்கும். அது வரத் தாமதமான நாளில்தான் ஊரே வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆனால் கடல்காற்று வந்தால் நமக்குத்தான் நிம்மதி. தீயோடு போராடுகிறவருக்கு அது காற்று திசை மாறும் நேரம். ஒரு பக்கம் அணைத்துக்கொண்டிருக்கும்போது தீ இன்னொரு பக்கம் திரும்பும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றினால், தரைக்காற்றில் ஓ.எம்.ஆர். பக்கம் போகிற புகை, மதியத்துக்கு மேல் வேளச்சேரி வீடுகளுக்குள் நுழையும். எந்தத் தெருக்காரர் எப்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட முடியும்.

பெருங்குடி என்றதும் 2022 ஏப்ரல் 27 ஞாபகம் வரும். அன்று பிடித்த தீ பல நாள் புகைந்தது. குப்பை மேட்டுத் தீ புல் தீயைப் போல மழைக்கணக்குப் பார்த்து வருவதில்லை, எந்த வருடமும் வரும். உள்ளே மக்குகிற குப்பையிலிருந்து மீத்தேன் கசிந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் அடித்தாலும் ஆழத்தில் கனல் இருக்கும். பயோமைனிங் முறையில் பழைய குப்பையைப் பிரித்தெடுப்பது நல்ல வேலை, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கிளறும்போது உள்ளே காற்று போகிறது, பிரித்த பிளாஸ்டிக் தனியாகக் குவிகிறது. மேற்குக் காற்று பலமாக வீசும் என்று தெரிந்த நாளில் கிளறாமல் இருந்தால் என்ன?

வானிலை மையத்தாருக்கு: கடலோர ஊரில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறீர்கள். உடம்புக்கு அது சரியான அளவுகோல். காய்ந்த சம்புக்கு 36 டிகிரியே போதும், ஈரப்பதம் குறைந்து காற்று வீசினால். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. தினசரி அறிக்கையில் ஈரப்பதம், தரைக்காற்றின் வேகம், கடல்காற்று உள்ளே வரும் நேரம் மூன்றையும் சேர்த்து 'இன்று தீ அபாயம் அதிகம்' என்று ஒரு வரி போடுங்கள்.

மாநகராட்சிக்கு: மனை உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் ஏப்ரலில் வேண்டாம், பொங்கல் முடிந்த கையோடு அனுப்புங்கள். பாதிப் பச்சையாக இருக்கும்போது வெட்டினால் தீப்பொறிக்குப் பயமில்லை. வெட்டியதை அங்கேயே கொளுத்தக் கூடாது என்பதையும் அந்த நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைத்தான் செய்வார்கள். இதைச் சாக்காக வைத்துப் பள்ளிக்கரணை சதுப்புக்குள் ஜேசிபி இறங்கிவிடக் கூடாது. அது ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இருக்கிற நிலம். அங்குள்ள கோரையில் பறவைகள் குடியிருக்கின்றன. சாலையையும் குப்பை மேட்டையும் ஒட்டிய ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

தீயணைப்புத் துறையினருக்கு: 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த வீரர்கள் நினைவாக ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம் நடத்துகிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்குள் இங்கே புல் காய்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். எந்த வார்டில் எந்த மனை, எந்த ஏரிக்கரை வருடாவருடம் எரிகிறது என்று உங்கள் நிலையப் பதிவேடுகளில் இருக்குமே, அந்தப் பட்டியலை மாசி பிறப்பதற்குள் மாநகராட்சிக்குக் கொடுத்துவிடுங்கள். வெட்டுகிற ஆளுக்கு எங்கே முதலில் போவது என்று தெரியும்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு குடிமகன்