ஐம்பது நிமிடத்தில் ஜகார்த்தா போக முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணப் பக்கத்தில், சிங்கப்பூர் சாங்கியிலிருந்து ஜகார்த்தா சுகர்னோ ஹத்தாவுக்கு விமானத்தில் 50 நிமிடம், திரும்பி வர 2 மணி 50 நிமிடம், எதிர்க்காற்றுதான் காரணம் என்று வந்திருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த வான்வெளியில் இரண்டு மணி நேரத்தை விழுங்கும் காற்றெல்லாம் கிடையாது. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஜகார்த்தாவைவிடச் சிங்கப்பூர் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது.

எளிய வழி, இரண்டையும் நம் கோவை நேரத்துக்கு மாற்றிவிடுவது. சிங்கப்பூர் நேரத்தில் இரண்டரை மணியும், ஜகார்த்தா நேரத்தில் ஒன்றரை மணியும் கழியுங்கள். காலை 10.00க்குக் கிளம்பி 10.50க்கு இறங்குகிறது என்றால், நம் கணக்கில் 7.30க்குக் கிளம்பி 9.20க்கு இறங்குகிறது. ஆக 1 மணி 50 நிமிடம். திரும்பும்போதும் ஏறக்குறைய அதேதான்.

ஜகார்த்தா இருப்பது சிங்கப்பூருக்குத் தென்கிழக்கே. கிழக்கே போகப் போக நேரம் கூட வேண்டும். இங்கே குறைவதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 1982 தொடக்கத்தில் மலேசியா நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தைக் கொண்டுவந்தபோது, சிங்கப்பூரும் கூடவே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததன் விளைவு இது. பாலியும் இந்தோனேசியாதானே என்று அங்கேயும் ஒன்றரை மணி கழித்துவிட வேண்டாம். பாலிக்குச் சிங்கப்பூர் நேரமேதான்.

தூரத்தை வேகத்தால் வகுப்பதும் உதவாது. சாங்கி - ஜகார்த்தா நேர்கோட்டில் சுமார் 880 கி.மீ. மணிக்கு 830 கி.மீ. என்று வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் விமானம் நேர்கோட்டில் பறப்பதில்லை; ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகமும் இருக்காது. டிக்கெட்டில் உள்ள நேரம், நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க வரிசையில் காத்திருப்பது, இடிமேகத்தைச் சுற்றிப் போவது எல்லாம் அதில் அடக்கம். தூரம் குறையக் குறைய இந்தக் கணக்கு இன்னும் மோசம்: கோலாலம்பூர் 300 கி.மீ.கூட இல்லை, வகுத்தால் 21 நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில், பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பஸ் நேரம் சொல்ல முடியுமா?

பின்னலாடைத் தொழிலுக்கு நூல் வாங்கவும் இயந்திரம் பார்க்கவும் போகிறவர்கள் கோவை - சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர் - ஜகார்த்தா இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பதுண்டு. பெட்டி ஜகார்த்தா வரை நேராகப் போகாது என்றால், சிங்கப்பூரில் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து எடுத்து, மறுபடி செக்-இன் போட வேண்டும். அதற்கு சிங்கப்பூர் விசாவும் வேண்டும். இரண்டு விமானங்களுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். சாங்கியில் நான்காவது டெர்மினல் தனியே இருக்கிறது, மற்ற மூன்றிலிருந்தும் பேருந்தில்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
விமான டிக்கெட் முகவர்கள் சிலர்,
திருப்பூர்