கப்பல் ஏறும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று எனக்கும் புரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி நிதானமாகப் படி. மாப்பிள்ளையும் படிக்கலாம், தப்பில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி இரண்டாவது மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது, வெட்டவும் மனசில்லை, முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா பேசினார்கள். பேச்சு முழுக்கக் கப்பல்தான். சம்பந்தியின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அவர்களுக்கு அவ்வளவு பெருமை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூர். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் சொன்னார்கள்: "சாப்பாட்டுக்குக் கவலையே இல்லைங்க, சின்னவன் பதிவு பண்ணும்போதே எல்லாருக்கும் இந்தியன் வெஜிடேரியன்னு போட்டுட்டான்."

எல்லாருக்கும் என்றார்கள். நானும் "நல்லதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோதுமையே ஆகாத சீலியாக் நோய் உனக்கு இருப்பது அவர்களுக்கு இன்னும் தெரியாதே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாப்பா, கப்பலில் இந்தியன் வெஜிடேரியன் என்றால் என்ன வரும்? நான் ரொட்டி, சப்பாத்தி, சமோசா, பூரி, உப்புமா. குழம்பு கெட்டியாக இருக்க மைதா கரைத்து ஊற்றியிருப்பார்கள். இனிப்பு என்று வைத்தால் குலாப் ஜாமூன், அதிலும் மைதா. கோதுமை இல்லாத பதார்த்தம் என்று பார்த்தால் சாதமும் தயிரும்தான் மிஞ்சும். அந்தச் சாதத்தில் ஊற்றுகிற சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். பெருங்காயத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்னால் படித்து, "அம்மா, இதில் கோதுமை மாவு சேர்த்திருக்கும்மா" என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததே நீதான். அத்தனை வருஷம் ரசத்தில் நான் போட்டது அதுதான். இப்போது நம் வீட்டில் அரிசி மாவு சேர்த்த பெருங்காயம்தான். தம்பிக்கு வாசனை போதவில்லையாம், இருக்கட்டும்.

சீர்காழி அண்ணன் நேற்று வந்திருந்தான். கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன் என்பதால் உட்கார வைத்துக் கேட்டேன். உனக்காக என்று சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன். அவன் சொன்னதை எழுதுகிறேன், கவனமாகப் படி.

முதலில் அந்தப் பதிவைத் திருத்த வேண்டும். கப்பல் கம்பெனிகள் தனிச் சாப்பாட்டுக்கு என்று ஒரு படிவம் வைத்திருக்கும். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே அதை அனுப்பிவிட வேண்டுமாம், ஏனென்றால் கடலுக்கு நடுவில் போனபிறகு, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் இல்லாத ரொட்டிக்கும் மாவுக்கும் அவர்கள் எங்கே போவார்கள்? வெஜிடேரியன், குளூட்டன் இல்லாதது, இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது விட்டுப்போகும். வெறுமனே "கோதுமை சாப்பிட மாட்டேன்" என்றும் எழுதாதே. உடம்பு இளைக்கக் கோதுமையை விடுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்களாம். அப்படி ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு, பிரெட் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அதே தட்டைத் தந்துவிடுவார்கள். சீலியாக் நோய் என்று எழுது. நோய் என்கிற வார்த்தையை எழுதக் கூச்சப்படாதே.

ஏறின அன்றைக்கே உணவுக்கூடத்துக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பார்த்துப் பேச வேண்டும். படிவம் அனுப்பியாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது, காகிதம் ஒரு பக்கம் இருக்கும், பரிமாறுகிறவர் ஒரு பக்கம் இருப்பார். நல்ல கப்பல்களில் தினம் ராத்திரி மறுநாளைய மெனுவைக் கொண்டுவந்து காட்டுவார்களாம். அதில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டால் தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தருவார்கள். ராத்திரிக்கு ஒரே மேஜை, அதே வெயிட்டர் என்று அமைகிற கப்பலாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாம் நாளே அவருக்கு உன் முகமும் உன் சாப்பாடும் பழகிவிடும்.

பஃபே பக்கம் போகாதே. கண்ணுக்கு முன்னால் நூறு பதார்த்தம் இருக்கும், உன் கூட வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தட்டை எடுப்பார்கள், தெரியும். ஆனால் பூரி எடுத்த இடுக்கியால் ஒருவர் காய்கறி எடுப்பார். ஒரு கரண்டி இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்குப் போகும். வெண்ணெயில் பிரெட் தூள் ஒட்டியிருக்கும். உருளைக்கிழங்கு வறுவலில் என்ன கோதுமை என்று தோன்றும், சமோசா பொரித்த அதே எண்ணெயில்தான் அதையும் போட்டிருப்பார்கள். ஐஸ்கிரீம் கோனில் வாங்காதே, கப்பில் கேள், கழுவின கரண்டியால் எடுக்கச் சொல். ஒரு கிலோ பண்டத்தில் 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாது என்பதுதான் நம் நாட்டுச் சட்டம், பல வெளிநாடுகளிலும் அதே கணக்குத்தான். 20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? சமோசா ஓரத்திலிருந்து உதிர்கிற துணுக்கு போதும்.

உனக்கு இதெல்லாம் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். மாமா வீட்டுக் கல்யாணத்தில் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், மாஸ்டரிடம் நின்று பேசி, தாளிக்காத பருப்பும் சாதமும் உனக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொன்னாயே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? என் பெண் தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று உன் பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அதே பெண்தான் திருக்கடையூரில் அத்தை ஊட்டிய ரவா கேசரியை வாய் திறந்து வாங்கிக்கொண்டாள். எதிர் வரிசையில் நான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன் பாப்பா. நீ என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நீ படுத்தது பழைய சாப்பாட்டால் என்று எல்லோரும் சொன்னார்கள். நீயும் ஆமாம் என்றாய்.

ஆடி மாதத்தைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. டாக்டரம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்பது உனக்கும் எனக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியும். குடல் முதலில் முழுசாக ஆறட்டும், ரத்தம் ஏறட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்றார். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷமும் ஆகும், நடுவில் ஒருநாள் போனால் போகிறது என்று சாப்பிடக் கூடாது என்றார். இரும்புச் சத்து மாத்திரை வருஷக்கணக்காகச் சாப்பிட்டும் ஏறாத ரத்தம் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறது. அது போதும், இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கப்பலில் இன்னொரு விஷயம் உண்டு, அண்ணன் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. வாந்தி, பேதி என்றால் கப்பலில் ரொம்பப் பயப்படுவார்கள். நோரோவைரஸ் என்று ஒன்று வந்தால் கப்பல் முழுக்கப் பரவிவிடுமாம். அதனால் வயிறு சரியில்லை என்று மருத்துவ அறைக்குப் போனால், ஓரிரு நாள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிடுவார்களாம். கேசரிக்குப் பிறகு உனக்கு வந்தது மாதிரி அங்கே வந்தால் இது தொற்று இல்லை என்று யார் எடுத்துச் சொல்வார்கள்? அதனால் டாக்டரம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள். ஆங்கிலத்தில், நோயின் பெயர் போட்டு, பயாப்ஸியில் உறுதியானது என்று எழுதி வாங்கு. அவருடைய கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமை போனால் கூட்டம் இருக்காது.

புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் செய்து அனுப்பலாம் என்று இருந்தேன். வீட்டில் செய்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்களாம். சின்ன ரைஸ் குக்கரைக்கூடத் துடைத்து எடுத்து வைத்திருந்தேன், அதுவும் கூடாதாம். சூடாகிற சாமான் எதையும் தீப்பிடிக்கும் என்று ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கடையில் சீல் வைத்து விற்கிற பாக்கெட் என்றால் விடுவார்கள். குளூட்டன் இல்லை என்று அச்சடித்ததாகப் பார்த்து வாங்கு. கடலைமிட்டாய், மக்கானா, பேரீச்சம்பழம் போதும். முறுக்கு, தட்டை வேண்டாம். அரிசி முறுக்கு என்று போட்டிருந்தாலும் பெருங்காயத்தை யார் கேட்டார்கள்? வாங்கினதைக் கைப்பையிலேயே வை, மாத்திரையும் அதிலேயே. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சாயந்தரம்கூட ஆகிவிடுமாம்.

கரையில் இறங்குகிற நாளில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கப்பல் சாப்பாட்டையும் பழத்தையும் கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது, துறைமுகத்தில் சட்டம். பாக்கெட்டுதான் துணை. பினாங்கில் ஜார்ஜ் டவுனில் இறங்கினால் லிட்டில் இந்தியா கிட்டேதான் என்று அப்பா வரைபடத்தில் பார்த்துச் சொன்னார். மகாமாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது, 1833இல் கட்டியது, கட்டாயம் போய்க் கும்பிட்டு வா. ஆனால் நம் ஊர்ச் சாப்பாடு ஆயிற்றே என்று தோசைக்கு உட்கார்ந்துவிடாதே. பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள். பரோட்டா மாதிரி மைதாவில் செய்கிற ரொட்டி சானாய் இல்லாத கடையே அங்கே இருக்காது. சைவம் என்று போர்டு போட்ட சீனக் கடையில் கோழி மாதிரி, வாத்து மாதிரி செய்து வைத்திருப்பார்கள். அதில் பல வகை கோதுமையின் குளூட்டனையே பிசைந்து செய்வதுதான், உனக்கு அதைவிட மோசமான சாப்பாடு கிடையாது. புக்கெட்டில் அரிசி நூடுல்ஸ்தானே என்று யாராவது சொல்வார்கள். நூடுல்ஸ் அரிசிதான், மேலே ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை இருக்கும். வெள்ளைச் சாதம், இளநீர், நீயே உரித்துச் சாப்பிடுகிற பழம், இவை எங்கும் பயமில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். இதில் ஒன்றையாவது யாருக்கும் தெரியாமல் உன்னால் செய்ய முடியுமா? படிவத்தைத் திருத்த வேண்டுமானால் உன் கொழுந்தன்தான் திருத்த வேண்டும், பதிவு அவன் பெயரில். குடும்பமே பஃபேயில் நிற்கும்போது நீ மட்டும் உணவுக்கூடத்துக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள். ஹெட் வெயிட்டர் தினம் வந்து உன்னிடம் மட்டும் மெனு காட்டுவார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நோயாளிப் பெண் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். வந்து இத்தனை நாள் சொல்லாமல் இப்போது எப்படிச் சொல்வது என்றும் இருக்கும். நம் பக்கத்தில் கேள்விப்படாத வியாதி, வடக்கேதான் அதிகம் என்பதால் நம்பமாட்டார்கள் என்றும் நினைப்பாய். சம்பந்தியம்மா படித்தவர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். அப்பா ஒரு விஷயம் படித்துச் சொன்னார், வேண்டுமானால் அதையே சொல். ஹாலந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை வைத்தியர். 1944, 45 குளிர்காலத்தில் போரினால் அங்கே பஞ்சம், ரொட்டியே கிடையாது. ஊரெல்லாம் இளைத்துக் கிடக்க, வருஷக்கணக்காக இந்த நோயில் கிடந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம். ரொட்டி திரும்ப வந்ததும் திரும்பப் படுத்தார்களாம். கோதுமைதான் காரணம் என்று அவர் உறுதியாகச் சொன்னது அதற்கப்புறம். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை, சாப்பாட்டில் சரியாக இருந்தால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன ஞாயிறு போனை வைப்பதற்கு முன்னால் சம்பந்தியம்மா கேட்டார்கள்: "ஏங்க, உங்க பொண்ணு எப்பவுமே இவ்வளவு கொஞ்சமாத்தான் சாப்பிடுமா? என் சமையல் பிடிக்கலையோன்னு எனக்கு ஒரு மாதிரி இருக்கு." பாவம், அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் பாப்பா. உன் வாயால் வரவேண்டிய விஷயம் என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர்கள் வருகிற ஞாயிறும் பேசுவார்கள், கேட்பார்கள். அப்போது நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். உன் உடம்பு விஷயத்தில் இரண்டாம் தடவை மழுப்ப என்னால் முடியாது. அதற்குள் நீயே சொல்லிவிடு. மாப்பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு சொல். சொன்னதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

கப்பல் கிளம்புவதற்குள் படிவம் போனதற்குப் பதில் வந்ததா என்றும் எழுது. அண்ணன் நம்பரைத் தம்பி உனக்கு அனுப்புவான், சந்தேகம் இருந்தால் அவனைக் கேள்.

அன்புடன்,
அம்மா