சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

பொங்கல் கோலப்போட்டி, பள்ளி மாணவர் ஓவியப்போட்டி, ஆண்டுக் கண்காட்சி மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

தகட்டில் கோடு கீறி அச்சிட்ட பழைய டச்சுப் படங்களைப் பார்க்க மாதந்தோறும் நடத்திய அச்சோவிய வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "டச்சுக்காரர் படத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். 1719-20இல் பங்கு வாங்கும் வெறி பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று பரவி, 1720இல் சரிந்தது. அதைச் சாடி வெளிவந்த டச்சுத் தொகுப்புதான் 'மடமையின் மாபெரும் காட்சி'. செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்ட படங்கள் 70க்கு மேல்.

அதில் அச்சோவியர் பெர்னார் பிக்காரின் படம் ஒன்றை மட்டும் ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். அதிர்ஷ்ட தேவதையின் தேரை மடமை ஓட்டுகிறாள். இழுப்பவை மனித உருவில் வரைந்த பங்கு நிறுவனங்கள். பிரான்சின் மிசிசிப்பி நிறுவனத்துக்கு ஒரு கால் மரத்தாலானது. நரிவால் வைத்த தரகர்கள் சக்கரத்தைச் சுழற்ற, அடியில் வணிகர்களின் கணக்குப் புத்தகங்கள் நசுங்கிக் கிழிகின்றன. மேகத்தில் ஒரு பிசாசு சோப்புக் குமிழி ஊதுகிறது. கூட்டம் போய்ச் சேருமிடம் மருத்துவமனை, பைத்தியக்கார விடுதி, ஏழைகள் விடுதி. தினமும் பங்குச்சந்தை பார்ப்பவர்கள் நம்மிலேயே இருக்கும்போது சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

வேலைப்பாட்டையும் விளக்கினோம். தகட்டில் மெழுகு பூசி, விளக்குப் புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கீறி, கீறிய கோட்டை அமிலம் அரிக்கும்படி ஊறவிட வேண்டும். மெல்லிய கோடு வேண்டிய இடத்தைச் சிறிது ஊறியதுமே வார்னிஷால் மூடிவிட்டு, மற்றதை மேலும் ஊறவிடுவார்கள். அச்சில் திரும்பி விழும் என்பதால் எழுத்து முழுவதையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். அந்தக் கைத்திறன் இல்லாமல் அந்தக் கோபம் நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது.

படங்களுக்குச் சங்கப் பணம் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. செலவானது மண்டப வாடகையும் தேநீரும்தான். வாட்ஸ்அப்பில் "அவசியம் வருகிறேன்" என்று எழுதியவர்களில் பலர் வரவில்லை. நாற்காலி போட்டுக் காத்திருந்தது எனக்கு வருத்தமே. பள்ளி மாணவர்கள் மட்டும் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஆயினும் கடன் இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை இங்கே படிக்கப்போவதில்லை.

மண்டபம் தந்தவர்கள், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சிறிய உருளை அச்சு இயந்திரம் ஒன்று வாங்கி, அந்த மாணவர்கள் கையாலேயே ஒரு தகடு அச்சிட வைக்க விரும்புகிறேன். பாக்கிச் சந்தா வந்தாலே அதற்குப் பெரும்பகுதி தேறிவிடும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்