போடி பாதையில் எங்கள் ஊர் ரயில் நிறுத்தத்தைத் திரும்பத் தரக் கோரி நான்காவது மனு

பெறுநர்: உயர்திரு ரயில்வே கோட்ட அதிகாரி அவர்கள்
பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் மாந்தோப்பு விவசாயிகள். மூன்று மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அகலப்பாதை வேலையின்போது ஆய்வுக்கு வந்த தாங்கள், பழைய நிறுத்தத்து வேப்பமரத்தடியில்தான் நின்று இளநீர் குடித்தீர்கள்.

1. மதுரையிலிருந்து போடிக்குப் போகும் இந்தப் பாதை 1928-இல் வந்தது. 1942-இல் போருக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய், 1954-இல் மறுபடி ரயில் விட்டார்கள். 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதை ரயில் நின்றது. அகலப்பாதை வரட்டும் என்று பொறுத்தோம். 2022-இல் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்துவிட்டது. எங்கள் ஊரில்தான் நிற்பதில்லை.

2. அந்தக் காலத்தில் பெண்கள் மாங்காய்க் கூடையோடு ஏறி, கதவோரம் இறக்கி வைத்துக்கொண்டு மதுரைக்குப் போவார்கள். இன்று பஸ்ஸில் கூடையைப் பார்த்ததுமே கண்டக்டர் முகம் சுளிக்கிறார். ஏற்றினாலும் லக்கேஜ் டிக்கெட். அப்புறம் இரண்டு பஸ் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றுவதில் காய் அடிபடுகிறது. அடிபட்ட செந்தூர மாங்காய் மறுநாளே கருத்துவிடும், பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். என் அம்மாவுக்கு 67 வயது. போன சித்திரையில் பஸ் படியில் கால் இடறிக் கூடையோடு விழுந்தார். நடுரோட்டில் உருண்ட காய்களை நானும் அவரும் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலேயே எங்கள் ரயில் நிற்காமல் போனது. அதை எப்படி ஐயா மறப்பது?

3. கூட்டம் இல்லை, வருமானம் வராது என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். நிற்காத ரயிலில் யார் ஏறுவார்கள்? நிறுத்திப் பார்த்துவிட்டல்லவா கணக்குச் சொல்ல வேண்டும்? தண்டவாளத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், கடந்து போகும் ரயிலை வேடிக்கை பார்க்கத்தானா? பெரிய கட்டடம் கேட்கவில்லை. கூரைகூட வேண்டாம், வேப்பமர நிழல் இருக்கிறது.

4. ஒரு நிமிடம். காலையில் ஒரு நிமிடம், மாலையில் ஒரு நிமிடம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள் ஐயா. ஆனால் இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த சித்திரையில் காய் இறங்குவதற்குள் எங்கள் ஊரில் ரயில் நிற்க உத்தரவிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
மாந்தோப்பு விவசாயி ஒருவர்