ஆரியன் என்று சொல்லிக் கேட்ட குடியுரிமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உங்கள் நண்பர் வீட்டு விருந்தில் டி.என்.ஏ. பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு யார் ஆரியர், யார் திராவிடர் என்று வாக்குவாதம் வந்ததாகப் போனில் சொன்னாய் அல்லவா? அதிலிருந்து மனசு ஆறவில்லை.

ஆரியர் என்றால் உண்மையில் யார் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரிக் வேதத்தைப் பாடியவர்கள் தங்களை ஆரியர் என்றார்கள். பாரசீக மன்னர் முதலாம் தாரியஸும் தன் கல்லறைக் கல்வெட்டில் தன்னை ஆரியன் என்றே பொறித்தார். ஈரான் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் ஒரே மூலம் இருக்க வேண்டும் என்று ஆங்கிலேய நீதிபதியும் மொழி அறிஞருமான வில்லியம் ஜோன்ஸ் 1786ல் கல்கத்தாவில் பேசினார். அடுத்த நூறு ஆண்டுகளில் மொழிக் குடும்பத்தின் பெயரை இனத்துக்குச் சூட்டிவிட்டார்கள். ஆரிய இனம், ஆரிய ரத்தம் என்று பேசும் இனவியலாளர் பெரும் பாவி என்று சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரே 1888ல் எழுதினார். யார் கேட்டார்கள்?

மரபணு ஆய்வுகள் சொல்வது வேறு விஷயம். மத்திய ஆசியா பக்கத்து ஸ்டெப்பி என்ற புல்வெளி மக்களின் வம்சாவளி கி.மு. 2000க்குப் பிறகு இந்தியாவில் கலந்திருக்கிறது. ஹரியானாவின் ராக்கிகடியில் கிடைத்த சிந்துவெளிப் பெண்ணின் எலும்பில் அது இல்லை என்று 2019ல் வெளியிட்டார்கள். இன்று நாம் எல்லோரும் கலப்புதான், அளவு கூடக்குறைய இருக்கும். இதில் மீசை முறுக்க ஒன்றுமில்லை.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது பகத் சிங் திண்ட் வழக்கு. தூக்கிலிடப்பட்ட பகத் சிங் இல்லை, இவர் வேறு. பஞ்சாப் சீக்கியர். 1913ல் அமெரிக்கா போய், ஆரிகன் மாநில மர ஆலைகளில் உழைத்து, 1918ல் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். அன்றைய சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம். பஞ்சாபின் உயர்சாதிக்காரர் ஆரியர், ஆகவே காகேசியர் (ஐரோப்பியரைச் சேர்த்த இனப்பிரிவுக்கு அன்றைய இனவியலாளர் வைத்த பெயர்), ஆகவே வெள்ளையர் என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். அதோடு நிற்கவில்லை. கல்யாண விஷயத்தில் அமெரிக்கர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்தியரும் இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்று எழுதியே கொடுத்தார்கள். சாதியை ஒரு தகுதிச் சான்றாக நீட்டியிருக்கிறார்கள், அம்மா! படித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. ஆரியன் என்பது மொழியைப் பற்றியது, உடலைப் பற்றியது அல்ல என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதினார். அந்த வரி சரிதான். ஆனால் மூன்று மாதம் முன்பு, ஒசாவா என்ற ஜப்பானியரை மறுக்கும்போது, வெள்ளையர் என்றால் காகேசியர் என்று எழுதியவரும் அவரே. திண்ட் காகேசியர் என்று வந்து நின்றதும், சாதாரண மனிதர் யாரை வெள்ளையராக நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்று அளவுகோலை மாற்றிவிட்டார்கள். எந்த ஆதாரம் கொடுத்திருந்தாலும் மூட நினைத்தவர்கள் கதவை மூடியிருப்பார்கள். அதைவிட, உள்ளே போக நம்மவர்கள் ஊரிலிருந்த எளியவர்களை மிதித்து ஏறப் பார்த்ததுதான் எனக்கு ஆறாத கோபம்.

தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படி எல்லாவற்றையும் இழந்து, 1928ல் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது அவர் மனைவி கலா. திண்டுக்கு 1936ல் குடியுரிமை கிடைத்தது, ஆரியர் என்பதால் அல்ல, முன்னாள் ராணுவ வீரர் என்பதால். மற்ற இந்தியர்களுக்கு 1946 வரை வழியில்லை.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பெர்க்லி பக்கம்தானே? பகாய் குடும்பம் அங்கே வீடு வாங்கிக் குடிபோனபோது, அக்கம்பக்கத்தார் உள்ளே விடாமல் கதவைப் பூட்டி வைத்தார்கள். இப்போது அதே ஊரில் கலா பகாய் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. பேரனை ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டு. விருந்தில் சதவிகிதம் பேசிய அந்த நண்பரையும் முடிந்தால் கூட்டிப் போ. சண்டை போட வேண்டாம், திண்ட் தரப்பு வாதத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா