நோட்டீஸின் அடிவரி

பாலக்கோடு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியவில்லை, கோபிக்காதே. தேர்தல் நேரத்தில் பிரஸ்ஸை விட்டு நகர முடியுமா? தக்காளி விலை படுத்துவிட்டது. தம்பி பறிக்காமலே விட்டுவிட்டான்.

இத்தனை விளம்பரத்தால் ஓட்டுப் போடுகிறவனுக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தாய். அதை அடித்துப் பிழைக்கிற என்னிடமே கேட்கிறாயே! பெரும்பாலும் ஒன்றுமில்லை. நேற்று ஒரு கட்சிக்காரர் புரூஃப் பார்க்க வந்தார். தலைவர் முகம் இன்னும் பெரிசாக வேண்டுமாம். இடம் போதவில்லை என்றேன். மொரப்பூர் ரயில் பாதை பற்றிய வாக்குறுதி வரியைக் காட்டி, "இதை எடுத்துடுங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். எடுத்துவிட்டேன்.

விளம்பரம்தான் ஜெயிக்க வைக்கும் என்றால் 1996-இல் பர்கூரில் ஜெயலலிதா தி.மு.க. வேட்பாளர் சுகவனத்திடம் தோற்றிருப்பாரா? முதலமைச்சராக இருந்தவர், கட்அவுட்டுக்கா பஞ்சம்?

ஆனாலும் இரண்டு இடங்களை மட்டும் கண்ணாடி போட்டுப் படிப்பேன். ஒன்று, நோட்டீஸின் அடிவரி. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் 6 மாதம் வரை உள்ளே போகலாம். அடித்த பிரதியோடு, வெளியிட்டவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியையும் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புகிறேன். செலவுக் கணக்குக்கு அது உதவும். சட்டமன்ற வேட்பாளருக்கான உச்சவரம்பை 2022-இல் 40 லட்சமாக உயர்த்தினார்கள். கட்சி செய்கிற செலவுக்கோ வரம்பே கிடையாது, அது வேறு கதை.

இன்னொன்று, வேட்பாளர் தன் மேல் உள்ள கிரிமினல் வழக்குகளைத் தானே பேப்பரில் போடுவது. உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன தீர்ப்பு. பேப்பரிலும் டிவியிலும் மூன்று முறை வர வேண்டும். போன தேர்தலில் டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த தாளில்தான் அப்படி ஒன்றைப் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, எண்ணெய் வேறு ஊறியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, பிரிவுகளை எண்ணினேன். என்னைக் கேட்டால் ஓட்டுப் போடுகிறவனுக்குப் பிரயோஜனமான விளம்பரம் அது ஒன்றுதான். அதைத்தான் யாரும் ஃப்ளெக்ஸில் போடுவதில்லை!

அப்புறம், போன தடவை ஒருவர் வைத்த பாக்கி இன்னும் வரவில்லை. இந்த முறை அட்வான்ஸ் வாங்காமல் மெஷினை ஓட்டுவதில்லை. ஓட்டு எண்ணி முடிந்ததும் ஓசூர் வருகிறேன். பேத்திக்கு ஒரு பெட்டி மாம்பழம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்.

உன்,
பிரஸ்காரன்